அநுராதபுரத்திலே ஒரு பகல்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இவ்விழாவிலே ஏதேனும் பேசவேண்டுமென்று சங்கத்தார் எங்களைக் கேட்டபோது நாங்கள் பெரிதுந் தயங்கினோம். சமயத்தைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுதற்கு எங்களினும் தகுதி வாய்ந்தோர் பலர் இச்சபையில் வீற்றிருக்கின்றனர். சபாபதி நாவலர் பிறந்த வடகோவை இது. ஆசிரிய கலாசாலை நடக்கும் ஊர் இது. இங்கே வாயைத் திறப்பதற்கே துணிவு வேண்டும். ஆகவே, கற்றறிந்ததை விடுத்து, கண்டறிந்த ஒன்றைச் சொல்லலாமென்று துணிந்தோம். மேடையிலே ஒருவர் நின்றாலும் பேச்சு எங்கள் ஐவருக்கும் உரியது. ஐவரும் ஒருநாட் பகல் அறியாத நகரொன்றிற்குப் போய்வந்த கதை இது.

கதை என்றதும் பெரிய யாத்திரை என்று எண்ணிவிடாதீர்கள். நாள் பார்த்து, கட்டுச்சாதங் கட்டி, வீட்டாரிடம் விடைபெற்றுப் போன பயணமன்று. 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே ஒரு சனிக்கிழமை. எங்கள் தோழனொருவன் வெளிநாடு போகப் புறப்பட்டான். அவனைக் கொழும்புக் கோச்சியிலே ஏற்றிவிடுவதற்காக ஐவரும் விடியப்புறம் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திற்குப் போனோம். எங்களுள் ஒருவன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒருவன் வங்கியிலே எழுதுவினைஞன். ஒருவன் மோட்டார்ச் சைக்கிள் திருத்துபவன். ஒருவன் கொழும்பிலே புடைவைக்கடையொன்றில் நாலாண்டு நின்று திரும்பியவன். ஐந்தாமவன் தோட்டக்காரன், மிளகாயும் வெங்காயமும் செய்பவன், அதிகங் கதையாதவன்.

வண்டி மேடையிலே வந்து நின்றது. போகிறவன் பெட்டியை ஏற்றிவிட்டுக் கதவடியில் நின்று எங்களைப் பார்த்தான். "அநுராதபுரம் மட்டும் வாங்கோவன்டா. இனி எப்ப காணப்போறம்?" என்றான். அவ்வளவுதான். மோட்டார்ச் சைக்கிள் திருத்துபவன் ஓடிப்போய் ஐந்து மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி வந்துவிட்டான். காலிலே செருப்பு; சட்டைப்பையிலே சில்லறை; வீட்டிலே சொல்லவில்லை. வண்டி நகர்ந்த பின்னரே நாங்கள் என்ன செய்தோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு வெட்கமும் வந்தது. நாங்கள் ஐவரும் அநுராதபுரத்தைக் கடந்து கொழும்பிற்குப் பலமுறை போனவர்கள். இரவுப் பஸ்ஸிலே நித்திரையிலும், இரவுக் கோச்சியிலே அரைக்கண்ணிலும் அந்த நகரத்தின் விளக்குகளைப் பார்த்தவர்கள். ஆனால் ஒருவராவது அங்கே இறங்கிக் கால் வைத்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எந்தத் தெருவிலே எந்தக் கடை உண்டென்று எங்களுக்குத் தெரியும். நாலுமணி நேரப் பயணத்திலுள்ள பழைய தலைநகரத்தை எங்களுக்குத் தெரியாது.

வண்டி சாவகச்சேரியைத் தாண்டிய பின் தோட்டக்காரன் தன் தாயாருக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னான். அவ்வம்மையாரின் குரல் எங்கள் எல்லோருக்குங் கேட்டது. "ஆடி மாசத்திலையோடா அங்கை போறியள்? ஒரு அலுவலுமில்லாமல் ஆர் அங்கை போறவை?" என்று கேட்டார். பெரியோர்களே, உங்களுக்கு அந்தக் கேள்வியின் பொருளை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1958ஐக் கண்டவர்களும், 1977ஐக் கண்டவர்களும், 1983 ஆடியைக் கண்டவர்களும் இச்சபையில் இருக்கிறீர்கள். அநுராதபுரத்திலே வாழ்ந்து, உடுத்த உடையோடு ஊர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே இருக்கக்கூடும். அச்சம் காரணமின்றி வந்ததன்று. ஆயினும் எங்கள் வயதினருக்கு அது கேள்விப்பட்ட அச்சம். கேள்விப்பட்ட அச்சத்தை ஒருமுறையேனும் கண்ணாற் பார்த்து அளந்துகொள்ளல் வேண்டும்.

போகின்ற தோழன் தன் ஒதுக்கிய ஆசனத்தை விட்டு எங்கள் பெட்டிக்கே வந்துவிட்டான். பாட்டு, பகிடி, சிரிப்பு. வடையும் கடலையும் வாங்கித் தின்றோம். இருபுறமும் நீரேரி விரிந்து கிடக்க வண்டி ஆனையிறவைக் கடந்தது. நாங்கள் ஒருவராவது சன்னலாற் பார்க்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்கிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்தப் பாதையிலே கோச்சி ஓடுவதே எங்களுக்குப் புதிது. 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஆனியிலே அது யாழ்ப்பாணத்திற்கு வருவது நின்றது. மீண்டும் 2014 ஐப்பசியிலேதான் யாழ்ப்பாணத்து மேடைக்கு வந்தது. இருபத்துநாலு ஆண்டுகள்! நாங்கள் கோச்சி பாராமலே வளர்ந்த பிள்ளைகள். தண்டவாளங்களைக் காவலரண்களுக்கு வளையாகப் போட்டிருந்ததைக் கண்டவர்கள். ஆகையால் வண்டியின் ஒவ்வொரு ஆட்டமும் எங்களுக்குத் திருவிழாவாயிருந்தது.

அநுராதபுர நிலையத்திலே இறங்கினோம். போகின்றவன் கதவிலே நின்று கையசைத்தான். வண்டி வளைவிலே மறைந்தது. அதன் பின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அழாதிருப்பதற்காக வங்கிக்காரன் தேத்தண்ணிக் கடை தேடினான்.

அங்கேதான் எங்கள் படிப்பின் அளவு தெரிந்தது. வாத்தியார் பட்டதாரி, வங்கிக்காரன் கணக்கியலிலே பரீட்சைகள் தேறியவன். இருவருக்கும் ஐந்து பிளேன் டீ கேட்கத் தெரியவில்லை. கடையிலே புடைவை கிழித்தவன்தான் முன்னே வந்தான். அவன் சிங்களத்திலே பேச, கடைக்காரர் முகம் மலர, பணிசும் வாழைப்பழமும் வந்தன. அன்று முழுவதும் அவனே எங்கள் வாய். அவனே எங்கள் காது. 1956இலே சிங்களம் மாத்திரம் என்ற சட்டம் வந்ததும், அதனை எதிர்த்து எங்கள் பெரியோர் சத்தியாக்கிரகம் இருந்ததும், 1987இலே அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியானதும் எங்களுக்குப் பாடம். திணிக்கப்பட்ட மொழியை மறுத்தது மானம். அயலான் மொழியை அறியாமலே இருந்துவிட்டது என்ன? அதற்கு நாங்கள் விடை காணவில்லை. அந்த ஒரு பகலிலே கடைச் சிப்பந்தியான எங்கள் தோழன் எங்கள் எல்லோரிலும் கற்றவனாய் இருந்தான் என்பதை மட்டும் கண்டோம்.

முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். ஐவரும் ஒரு வண்டியில் ஏறமுடியாது என்று தன் கூட்டாளி ஒருவரையுங் கூப்பிட்டார். "எங்கே இருந்து?" என்று கேட்டார். "யாபனய" என்றான் எங்கள் மொழிபெயர்ப்பாளன். அவர் எங்களைக் கண்ணாடியிலே ஒருமுறை பார்த்தார். பின்னர் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கு உள்ளூரக் கலக்கம். ஆயினும் வண்டி ஓடிற்று.

முதலிலே ஸ்ரீமகாபோதிக்குப் போனோம். அசோகச் சக்கரவர்த்தியின் மகளாகிய சங்கமித்தை கயையிலிருந்து கொண்டுவந்த அரசங்கிளை, கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே தேவநம்பிய தீசன் காலத்தில் இங்கே நாட்டப்பட்டதென்று மகாவமிசம் கூறும். நாட்டிய காலம் இன்னதென்று அறியப்பட்ட மரங்களுள் உலகிலே மிகப் பழையது இதுவென்பர். அக்கிளை வந்திறங்கிய துறை சம்புகோளம். அது நம் மாதகலுக்கு அண்மையிலுள்ள சம்பில்துறை என்று கொள்ளப்படுகிறது. ஆக, அந்த அரசங்கன்றும் எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கிப் பயணஞ் செய்ததுதான். இதனை வாத்தியார் சொன்னபோது மோட்டார்ச் சைக்கிள் திருத்துபவன், "அப்ப அதுவும் எங்கடை ஊர் வழியாலைதான் வந்திருக்குது" என்று மெல்லச் சொன்னான்.

வாயிலிலே தாமரையும் நீலோற்பலமும் விற்றார்கள். நாங்கள் தயங்கினோம். நெற்றியிலே திருநீறு பூசிய நாங்கள் பூ வாங்குவதா, வேண்டாமா? தோட்டக்காரன் ஒருவரையுங் கேளாமல் ஐந்து தாமரை வாங்கி ஆளுக்கொன்று தந்தான். செருப்பைக் கழற்றி, சுடுமணலிலே நடந்து, வெள்ளை உடுத்த தாய்மாரோடு வரிசையிலே நின்று பூவை வைத்தோம். யாரும் எங்களை ஏனென்று கேட்கவில்லை. ஒரு கிழவி தம் பக்கத்திலே எங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.

அந்த மரநிழலிலே இரண்டு நிகழ்ச்சிகளை வாத்தியார் எங்களுக்குச் சொன்னார். இரண்டையும் உங்களுக்குச் சொல்லுதல் கடன்.

ஒன்று 1897ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் சனவரி 15ஆந் தேதி கொழும்பிலிறங்கி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியாக அநுராதபுரம் வந்தார். இந்த அரச மரத்தடியிலே வழிபாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது பௌத்தர்களிற் சிலர் பறையும் தாளமும் முழக்கிப் பேச்சைக் கெடுத்தனர். கூடியிருந்த இந்துக்கள் கொதித்தெழுந்தனர். சுவாமிகள் அவர்களைத் தடுத்து அமைதிப்படுத்தினார். சிவனென்றும் விட்டுணுவென்றும் புத்தரென்றும் வணங்கப்படுபவர் ஒருவரே என்ற கருத்தை எடுத்துரைத்துப் பேச்சைச் சுருக்கினார். பின்பு வவுனியா, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். இந்துக் கல்லூரியிலே அவர் பேசியதை நாம் ஆண்டுதோறுங் கொண்டாடுகிறோம். அநுராதபுரத்திலே அவர் பேசாது அடங்கியதை நாம் கொண்டாடுவதில்லை. எது கடினம் என்று இளைஞர்கள் யோசிக்கவேண்டும்.

மற்றது 1985ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று விடுதலைப் புலிகள் இந்நகரத்துப் பஸ் நிலையத்திலும், இந்தப் போதிமரத்தின் அயலிலும் புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைச் சுட்டுக்கொன்றனர். மறுநாள் மே 15. நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே நம்மவர்கள், பெண்களுங் குழந்தைகளுமாக, வெட்டிக் கொல்லப்பட்டனர். குமுதினியை நாங்கள் சிறுவயதிலிருந்தே அறிவோம். ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். அதற்கு முதல்நாள் நடந்தது எங்களில் மூவருக்குத் தெரியாது. இவ்வளவு அண்மையான இரண்டு நாட்களுள் ஒன்றை மாத்திரம் அறிந்து வளர்ந்திருக்கிறோம். அந்நகரத்துப் பிள்ளைகள் மற்ற நாளை மாத்திரம் அறிந்து வளர்ந்திருப்பார்கள் என்றும் எண்ணிக்கொண்டோம். எங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கிய கிழவியின் முகத்தை அதன் பின் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து துட்டகைமுனு கட்டிய சுவர்ணமாலித் தாதுகோபத்தைக் கண்டோம். மகாசேனன் தொடங்கிய சேதவனராமத்தையும் கண்டோம். இது எழுந்த காலத்திலே 122 மீற்றர் உயரம். எகிப்தின் கீசாவிலுள்ள இரண்டு பிரமிட்டுகளுக்கு அடுத்தபடியாக அக்காலத்து உலகிலே உயர்ந்த கட்டிடம். ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் அதிலே அடுக்கப்பட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மோட்டார்ச் சைக்கிள் திருத்துபவன் அண்ணாந்து பார்த்து, "இதைச் சுமந்த சனத்தின்ரை பேர் எங்கையடா எழுதியிருக்குது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ஒரு பதிலும் உண்டு. இந்நகரத்தின் பழம்பகுதியிலே கற்பாறையொன்றில் பிராமி எழுத்திற் பொறித்த சாசனமொன்றைப் பேராசிரியர் பரணவிதான 1940ஆம் ஆண்டு வெளியிட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அச்சாசனம், அவ்விடத்தைத் தமிழ் இல்லத்தவர்களின் மேடை என்று குறிப்பிடுகிறது. யார் யார் எங்கெங்கே அமர்வதென்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர்களுள் ஒருவன் நாவிகன், கப்பலோட்டி. அந்த மேடையைச் செய்வித்தவனும் தமிழனே. இந்நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமாய் இருந்ததில்லை. நாம்தான் அந்நியராய்ப் போனோம்.

இவ்வளவும் பார்த்த பின்னர், அதுவரை வாய் திறவாத தோட்டக்காரன் கேட்டான்: "எல்லாளன்ரை சமாதி எங்கை?"

அவன் ஏன் கேட்டான் என்பதை நாங்கள் நால்வரும் அறிவோம். உங்களுள்ளும் பலர் அறிவீர்கள். அவனுடைய தமையனார் போரிலே இறந்தவர். எங்களூர்த் துயிலும் இல்லத்திலே அவருடைய கல்லறை இருந்தது. போர் முடிந்த பின் அவ்விடம் இடித்து நிரவப்பட்டது. 2011இலே அங்கே இராணுவத்தின் படைத்தலைமையகம் எழுந்தது. அவன் தாயார் ஆண்டிலொருநாள் தெருவிலே நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். போராட்டத்தைப் பற்றி இச்சபையிலே பல கருத்துக்கள் உண்டு. அவற்றுள் நாங்கள் புகவில்லை. பெற்றவள் பிள்ளையின் குழியிலே ஒரு சுட்டி விளக்கு வைக்க இயலாமற் போனது பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

எல்லாளன் சரிதத்தை நீங்கள் அறிவீர்கள். சோழநாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்திலே நாற்பத்துநாலு ஆண்டு ஆண்டவன் என்று மகாவமிசம் சொல்கிறது. கன்றைத் தேர்க்காலிலிட்டுக் கொன்ற மகனை அதே தேர்க்காலிலிட்டான் என்ற வரலாற்றை, அவனுக்குப் பகைவரான மரபினர் எழுதிய நூலே போற்றிச் சொல்கிறது. இதுபோன்ற கதையை மனுநீதிச் சோழன் மேல் வைத்துத் திருவாரூருக்குரியதாய்ப் பெரியபுராணத்திலும் படிக்கிறோம். முதியவனான எல்லாளன், நகரின் தெற்கு வாயிலருகே துட்டகைமுனுவோடு தனிப்போர் செய்து வீழ்ந்தான். வென்றவன் என்ன செய்தான்? தோற்றவன் விழுந்த இடத்திலே ஈமக்கடன் செய்து, சமாதி கட்டி, அதற்கு வழிபாடும் விதித்தான். அரசர்களும் அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்துவர் என்று, பல நூற்றாண்டு கழித்து எழுதிய மகாவமிச ஆசிரியர் தங் காலத்து வழக்கமாகக் கூறுகிறார். 1818ஆம் ஆண்டுக் கலகத்திலே தோற்று ஆங்கிலேயருக்குத் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்துச் சோர்ந்திருந்தும் இந்நகரத்தின் அருகே பல்லக்கை விட்டிறங்கி, சமாதி இருக்குமிடம் திட்டமாய்த் தெரியாமையால், அதனைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை நடந்தே சென்றாராம். இதனை 1840இலே அச்சான தம் நூலிலே போபஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் மொழிபெயர்ப்பாளன் முச்சக்கரவண்டிக்காரரிடம், "எலார சொஹொன" என்று கேட்டான். அவர் வண்டியை நிறுத்தினார். திரும்பி எங்களைப் பார்த்தார். பின்பு வண்டியைத் தெற்கே திருப்பினார்.

அவர் கொண்டுபோய் விட்டது பெரிய செங்கல் மேடொன்று. பக்கத்திலே மரங்கள், ஆள் நடமாட்டமில்லை. பலகை அதனைத் தக்கிண தூபம் என்று சொல்லிற்று. இதற்கும் ஒரு வரலாறுண்டு. பல தலைமுறையாக மக்கள் இதனையே எல்லாளன் சமாதி என்று வணங்கிவந்தனர். 1940களிலே நடந்த அகழ்வின்பின் பரணவிதான இது பழைய தக்கிண விகாரையின் தூபமே என்று முடிவு செய்தார். அங்கே கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவினது என்று பின்னாளிலே அறிவிக்கவும்பட்டது. ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் இரத்தினம் 1981ஆம் ஆண்டிலே அதனை மறுத்து எழுதினார். அறிஞர்களின் வழக்கைத் தீர்ப்பது எங்கள் வேலையன்று. ஒன்று மாத்திரம் கண்டோம். தோற்றவனின் கல்லறை இதுவென்று வென்றவன் வழிவந்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டு நம்பி இறங்கி நடந்திருக்கிறார்கள். நம்பிக்கை தவறாயிருக்கலாம், நடை தவறன்று.

தோட்டக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நாங்களும் நின்றோம். முச்சக்கரவண்டிக்காரரும் வண்டியை விட்டிறங்கி எங்களுக்குப் பின்னே வந்து நின்றார். சிறிது நேரங் கழித்து அவர் மெல்ல ஏதோ கேட்டார். எங்கள் மொழிபெயர்ப்பாளன் உடனே மொழிபெயர்க்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னான்:

"இவற்றை தம்பி ஆமியிலை இருந்தவராம். 2000ஆம் ஆண்டு ஆனையிறவிலை காணாமற் போனவராம். உடம்பு வரேல்லையாம். நீங்கள் அந்த வழியாலைதானே வந்தனீங்கள், அந்த இடம் எப்பிடி இருக்குது எண்டு கேக்கிறார். அங்கை நிழல் இருக்குதோ, மரங்கிரம் ஏதும் நிக்குதோ எண்டு கேக்கிறார்."

அன்பர்களே, நாங்கள் ஐவரும் அன்று காலை ஆனையிறவைக் கடந்து வந்தவர்கள். எங்களிலொருவருக்கும் விடை தெரியவில்லை. வடை தின்றுகொண்டு வந்தோம் என்று அவருக்குச் சொல்ல முடியுமா? பார்க்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. எங்கள் சார்பிலே தோட்டக்காரன்தான் பேசினான். அது உப்பு வெளி, பெரிய மரங்கள் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் தண்ணீர் இருக்கிறது, காற்று எப்போதும் வீசும், பறவைகள் வரும் என்றான். பின்பு, தன் அண்ணனுக்கும் இப்போது கல்லறை இல்லை என்றான். மொழிபெயர்ப்பாளன் அதனைச் சொன்னபோது அவர் தலையை மாத்திரம் அசைத்தார். ஏனென்றோ எப்படியென்றோ கேட்கவில்லை. "மல்லி" என்று மாத்திரம் சொன்னார். தம்பி என்பது அதன் பொருள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள், கட்டித் தழுவினார்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அப்படி ஒன்றும் நிகழவில்லை. யார் யாரைக் கொன்றார் என்ற கேள்வி அங்கே எங்களோடு நின்றுகொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதனை எடுத்துப் பேசவில்லை என்பதே உண்மை. பின்பு அவர் எங்களை நிலையத்திலே கொண்டுவந்து விட்டார். பேசிய கூலியை வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்.

பின்னேர வண்டியிலே திரும்பினோம். மதவாச்சி, வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன். இருட்டும் வேளையிலே ஆனையிறவு வந்தது. இம்முறை ஐவரும் எழுந்து கதவடிக்கும் சன்னலடிக்கும் போய் நின்றோம். நீரிலே கடைசி வெளிச்சம் கிடந்தது. பெட்டியிலே ஒரு பிள்ளை கைத்தொலைபேசியிலே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அதன் தகப்பனாரிடம், "அண்ணை, கொஞ்சநேரம் நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றான் தோட்டக்காரன். அவர் காரணங் கேட்கவில்லை; நிறுத்தச் சொன்னார். பாலத்தைக் கடந்த பின்தான், மகாவமிசம் சொன்ன பழைய விதியை நாங்கள் அறியாமலே கைக்கொண்டோம் என்பது வாத்தியாருக்கு உறைத்தது.

இனி, இந்தப் பயணத்தாலே நாங்கள் கண்டதைச் சுருக்கிச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, நாம் நமக்கே அறியாதவர்களாய் இருக்கிறோம். 1560இலே போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான் என்று வரலாறு கூறும். அந்தக் கோட்டை எங்கே இருந்ததென்று எங்கள் வயதினரைக் கேட்டுப்பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் கைகாட்டினால் அதிசயம். எல்லாளன் சமாதியைத் தேடிப்போகுமுன் எங்கள் ஒழுங்கை முடக்கிலே கிடப்பதை அறிந்திருக்க வேண்டாமா? மற்றவர்கள் நம் அடையாளங்களை அழித்தார்கள் என்று சொல்வதற்கு நமக்கு உரிமையுண்டு. நாமாக மறந்தவற்றை யார் கணக்கிலே எழுதுவது?

இரண்டாவது, சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டிலொருமுறை இளைஞர்களை அறியாத ஓர் ஊருக்கு ஒருநாட் பயணமாக அழைத்துப்போதல் வேண்டும். கோயில் தரிசனத்தோடு நின்றுவிடாமல், அவ்வூர் மனிதரோடு கதைத்து வருதல் வேண்டும். அதற்காக, வாரத்திலொருநாள் மாலையிலே சங்கக் கட்டிடத்தில் சிங்கள வகுப்பு நடத்துதல் வேண்டும். கற்பிக்க எங்கள் கடைச் சிப்பந்தித் தோழன் ஆயத்தமாயிருக்கிறான். பட்டதாரிகள் வாங்கிலே இருக்கட்டும். அவன் கரும்பலகையடியிலே நிற்கட்டும்.

மூன்றாவது, இறந்தவர்களைப் பற்றியது. வென்றவர், தோற்றவனின் குழியை மதித்த நாடு இது. அந்த மதிப்பு எங்கேயோ தொலைந்துபோயிற்று. அதனை மீட்டுத் தரும்படி அரசைக் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கேட்பவன் தானும் அதனைக் கைக்கொண்டவனாய் இருத்தல் வேண்டும். நம் மண்ணிலே விழுந்து, நம் மண்ணிலே கிடந்து, தாயிடம் போய்ச் சேராத அயலார் பிள்ளைகளும் பலர். ஆனையிறவைக் கடக்கும்போது ஒருநிமிடம் பாட்டை நிறுத்துவதற்கு யாருடைய சட்டமும் வேண்டியதில்லை.

அன்றிரவு ஊர் வந்துசேர நேரமாகிவிட்டது. தோட்டக்காரனின் தாயார் படலையடியிலே விளக்கோடு நின்றார். ஏசுவார் என்று ஐவரும் ஒதுங்கி நின்றோம். அவன் போனதையும் கண்டதையும் சொன்னான். சமாதியைச் சொன்னான். முச்சக்கரவண்டிக்காரர் கேட்டதைச் சொன்னான். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்பு ஒன்றே ஒன்று கேட்டார்:

"அந்தப் பெடியன்ரை தாய் இன்னும் இருக்கிறாவோ?"

நாங்கள் அதைக் கேட்டு வரவில்லை. அடுத்தமுறை போனாற் கேட்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் எங்கள் ஐவருக்கும் புட்டுப் போட்டார்.